ஜவ்பரீயின் குரங்கும் முஹத்திஸ்களின் தராசும்

ஹிஜ்ரி ஏழாம் நூற்றாண்டின் முற்பாதியில், டமாஸ்கஸ் நகரோடு தொடர்புடைய இருவர் சில ஆண்டு இடைவெளியில் இரு நூல்களை ஆக்கினர். இரண்டும் பொய்யை இனங்காண்பது பற்றியவை. ஒன்று, அல்ஜவ்பரீ எழுதிய 'அல்முக்தார் ஃபீ கஷ்ஃபில் அஸ்ரார்'. ஏமாற்றுக்காரர்களின் உத்திகளை ஒவ்வொன்றாக வெளிப்படுத்தும் நூல் அது. மற்றொன்று, இமாம் இப்னுஸ் ஸலாஹ் (ரஹ்) அவர்கள் டமாஸ்கஸின் தாருல் ஹதீஸ் அல்அஷ்ரஃபிய்யாவில் ஹிஜ்ரி 630 முதல் 634 வரை மாணவர்க்கு எடுத்துரைத்து எழுதுவித்த 'உலூமுல் ஹதீஸ்'. 'முகத்திமா' எனப் பெயர் பெற்ற அந்நூலின் சாரத்தை இப்னு ஹஜர் (ரஹ்) அவர்களின் 'நுக்பா' வழியாக ஓதாத ஆலிம் நம்மிடையே இல்லை எனலாம். ஜவ்பரீயையோ நம் மதரஸாக்களில் எவரும் ஓதுவதில்லை.

மேலை நாடுகளில் ஜவ்பரீக்கு அண்மைக் காலத்தில் புதுவாழ்வு கிடைத்துள்ளது. 2006இல் ஜெர்மனியில் அவரது நூலின் ஆய்வுப் பதிப்பு வெளிவந்தது. 2020இல் நியூயார்க் பல்கலைக்கழக அச்சகம் அரபு மூலத்தையும் ஹம்ஃப்ரி டேவிஸின் ஆங்கில மொழிபெயர்ப்பையும் சேர்த்து வெளியிட்டது. மோசடிகளும் பொய்ச் செய்திகளும் கைபேசி வழியே வீட்டுக்குள் நுழைந்துவிட்ட இக்காலத்தில், எண்ணூறு ஆண்டுகளுக்கு முந்தைய இவ்விழிப்புணர்வு நூல் ஆவலோடு படிக்கப்படுவதில் வியப்பில்லை. ஆயினும் பொதுமக்கள் ஏமாறாதிருக்க இந்நூல் எவ்வளவு தூரம் துணை செய்யும் என்ற வினாவை எழுப்பி விடை காண்பது நம் கடமை. அவ்வினாவுக்கு உரைகல்லாக இப்னுஸ் ஸலாஹ் அவர்களின் நூலை அதன் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறோம்.

நூலும் ஆசிரியரும்

டமாஸ்கஸை அடுத்திருந்த ஜவ்பர் என்ற சிற்றூரைச் சேர்ந்தவர் அல்ஜவ்பரீ. எகிப்து, ஹர்ரான், கோன்யா எனப் பல ஊர்களிலும் திரிந்தவர். வித்தைக்காரர்களோடும் நாடோடிகளோடும் பழகியவர். ஆமித் நகரை, அதாவது இன்றைய துருக்கியின் தியார்பக்கிரை, ஆண்ட அர்துகீ அரசர் அல்மலிக்குல் மஸ்ஊதுக்காக (ஆட்சி: 1222-1232) இந்நூலை எழுதினார். இவ்வரசரின் தந்தைக்காகவே அல்ஜஸரீ தம் புகழ்பெற்ற இயந்திரவியல் நூலை 1206இல் எழுதி முடித்தார் என்பது ஈண்டு நினைக்கத்தக்கது. தண்ணீர்க் கடிகாரங்களும் தானியங்கிப் பொறிகளும் எவ்வாறு இயங்குகின்றன என்பது தந்தையின் அவையில் விளக்கப்பட்டது. மோசடிகள் எவ்வாறு இயங்குகின்றன என்பது மகனின் அவைக்காக விளக்கப்பட்டது. இரண்டிலும் ஒரே ஆர்வத்தைக் காண்கிறோம். வியப்பூட்டும் ஒன்றின் உள்ளே இருப்பதைத் திறந்து பார்க்கும் ஆர்வம் அது.

நூல் 30 அத்தியாயங்களைக் கொண்டது. பொய் நபிமார்களில் தொடங்கிப் போலி ஷைகுமார்கள், போலிப் பிரசங்கிகள் என நகர்ந்து, பின்னரே பிற சமயத்தாரிடமும், இரப்போரிடமும், இரசவாதிகள், மருந்து விற்போர், சோதிடர், திருடர் முதலியோரிடமும் செல்கிறது. இவ்வரிசையை நாம் மிகவும் மதிக்கிறோம். அடுத்தவரின் பொய்யை அம்பலப்படுத்துவது எவருக்கும் எளிது. ஜவ்பரீ தம் மார்க்கத்தின் உடை தரித்து வந்த பொய்யர்களிடமிருந்து தொடங்குகிறார். நெருப்பு சுடாதிருக்க உடலில் பூச்சுப் பூசிக்கொண்டு கராமத் காட்டியவர்களையும், கடுகுச் சாறு தோய்த்த கைக்குட்டையால் கண்ணைத் துடைத்து மிம்பரில் கண்ணீர் பெருக்கியவர்களையும் அவர் விட்டுவைக்கவில்லை.

ஹர்ரான் பள்ளிவாசலில் ஒரு குரங்கு

நூலின் மிகச் சிறந்த பகுதி ஹிஜ்ரி 613இல் (1216) ஹர்ரானில் தாம் கண்டதாக அவர் கூறும் நிகழ்ச்சி. இரப்பதையே தொழிலாகக் கொண்ட பனூ ஸாஸான் கூட்டத்தைச் சேர்ந்த ஒருவன் ஒரு குரங்கைப் பழக்கியிருந்தான். ஸலாம் சொல்வதுபோல் கை அசைக்கவும், மிஸ்வாக்கால் பல் துலக்கவும், தஸ்பீஹ் மணி உருட்டவும், ருகூஃ ஸுஜூது செய்யவும், கண்ணைத் துடைத்து அழுவதுபோல் பாவனை காட்டவும் அது பழகியிருந்தது. ஒரு ஜும்ஆ நாளில் நன்குடுத்திய பணியாள் ஒருவன் முதலில் பள்ளிக்குள் சென்று மிஹ்ராபுக்கு அருகில் விலையுயர்ந்த தொழுகை விரிப்பை விரித்தான். பின்னர் அரச குமாரனின் உடையில், அலங்கரிக்கப்பட்ட கோவேறு கழுதை மீது, பணியாளர் புடைசூழ அந்தக் குரங்கு வந்து இறங்கியது. விரிப்பில் நின்று தொழுதது. மக்களைப் பார்த்து அழுதது.

பணியாளன் எழுந்து பேசினான்: இவர் இந்திய நாட்டு மாமன்னர் ஒருவரின் புதல்வர், அழகும் இறைபக்தியும் மிக்கவர், பொறாமை கொண்ட மனைவி சூனியத்தால் இவரை இவ்வுருவுக்கு மாற்றிவிட்டாள், மீட்பதற்குப் பெருந்தொகை கேட்கிறாள், பெரும்பகுதி சேர்ந்துவிட்டது, சிறுபகுதியே மீதமிருக்கிறது. கூடியிருந்தோர் மனமுருகிக் கொடுத்தனர்.

இதைப் படித்துச் சிரிப்பவர் சற்று நின்று எண்ண வேண்டும். ஹர்ரானின் மக்கள் பேராசையால் ஏமாறவில்லை. இரக்கத்தால் ஏமாந்தனர், துன்புற்ற ஒருவனுக்கு உதவ வேண்டும் என்ற மார்க்க உணர்வால் ஏமாந்தனர். மோசடி செய்தவன் அவர்களுடைய தீய குணத்தைத் தேடவில்லை, நற்குணத்தையே கருவியாக்கிக்கொண்டான். மிஹ்ராபுக்கு அருகில் விரிப்பை விரித்தபோதே வேலை பாதி முடிந்துவிட்டது. எந்த இடத்தில் கேள்வி கேட்பது மரியாதைக் குறைவாகக் கருதப்படுமோ அந்த இடத்தைப் பார்த்து அவன் கதையை வைத்தான். 'பெரும்பகுதி சேர்ந்துவிட்டது' என்ற சொல்லும் கவனத்துக்குரியது: ஏற்கெனவே பலர் நம்பிவிட்டனர் என்ற செய்தி அதனுள் இருக்கிறது. எட்டு நூற்றாண்டுகளுக்குப் பின்னரும் மோசடியின் உறுப்புகள் இவையே என்பதை இன்றைய நாளேடுகளைப் புரட்டுவோர் அறிவர்.

இரசவாதிகள் பற்றிய அத்தியாயத்தில் வரும் கதை இதற்கு நிகரானது. பாரசீகர் ஒருவர் டமாஸ்கஸுக்கு வந்து, ஆயிரம் தீனார் பொன்னைப் பொடியாக அராவி, கரியும் பிறவும் கலந்து உருண்டைகளாக்கி, ஏதோவொரு பெயரிட்டு ஒரு மருந்துக்கடையில் மிக மலிவாக விற்றுவிட்டார். பிறகு சுல்தான் நூருத்தீன் ஸங்கீயின் அவையில், தமக்குப் பொன் செய்யத் தெரியும், ஆனால் அதற்கு இன்ன பொருள் தேவை என்றார். தேடியபோது அது அதே கடையில் கிடைத்தது. உலையிலிட்டனர், பொன் வந்தது. அப்பொருளை மேலும் கொண்டுவரக் குராஸானுக்குப் பெரும் பொருளோடு அவரை அனுப்பி வைத்தார் சுல்தான். சென்றவர் திரும்பவில்லை. நகைச்சுவையாளர் ஒருவர் ஊரிலுள்ள ஏமாளிகளின் பட்டியலை எழுதி, அதன் தலையில் சுல்தானின் பெயரை இட்டாராம். அழைத்துக் கேட்டபோது, அந்தப் பாரசீகர் திரும்பி வந்தால் தங்கள் பெயரை அழித்துவிட்டு அவர் பெயரை எழுதிக்கொள்கிறேன் என்றாராம். நீதிக்குப் பெயர்போன அரசரும் ஏமாறலாம் என்பதே கதையின் பாடம். முதல் சோதனையில் உண்மையான பொன்னைக் காட்டுவது மோசடியின் பழைய முறை. தொடக்க மாதங்களில் 'இலாபம்' தவறாமல் வருவதை நம்பி வீட்டை விற்றுப் பணம் போடுவோர் அந்த உலையின் முன் நின்றவர்களே.

நூலின் குறைகள்

இத்துணைச் சிறப்பிருந்தும் இந்நூல் பொதுமக்களை ஏமாறாதவர்களாக ஆக்கும் நூலன்று என்பது நம் முடிபு. காரணங்கள் நான்கு.

முதலாவது, நூல் செய்முறைகளின் தொகுதியாக இருக்கிறது. எதனோடு எதைக் கலந்தால் கண்ணீர் வரும், எப்பூச்சு நெருப்பைத் தடுக்கும் என்ற விவரங்கள் விரிவாக உள்ளன. ஏமாறுவோருக்கு இந்நூல் எவ்வளவு பயன்படுமோ அவ்வளவு ஏமாற்றுவோருக்கும் பயன்படும். மேலும், உத்திகள் மாறிக்கொண்டே இருப்பவை. கடுகுச் சாற்றை அறிந்தவன் வேறொரு சாற்றிடம் ஏமாறுவான்.

இரண்டாவது, ஆசிரியரின் மனநிலை. தந்திரத்தை விவரிக்கும்போது அவருக்குள் ஒரு இரசனை மேலோங்குகிறது. ஏமாற்றுபவனின் திறமையை வியக்கும் அளவுக்கு ஏமாந்தவனின் இழப்பில் அவர் மனம் தங்குவதில்லை. ஏமாந்தவனை மூடனாகக் காட்டும் எந்த விழிப்புணர்வும் ஒரு தீங்கைச் செய்கிறது: அடுத்து ஏமாறுபவன் வெட்கத்தால் வாய் திறப்பதில்லை. அவனது மௌனத்தில் மோசடி அடுத்த தெருவுக்குப் பாதுகாப்பாக நடந்து செல்கிறது.

மூன்றாவது, யூதர்கள் பற்றியும் பெண்கள் பற்றியும் தனித்தனி அத்தியாயங்கள் அமைத்து, ஒரு சமூகத்தையும் மானிட இனத்தின் ஒரு பாதியையும் வஞ்சகத்தின் வகைகளாக்கிவிடுகிறார். தொழிலால் ஒருவன் மோசடிக்காரனாக இருக்கலாம், பிறப்பால் இருக்க முடியாது. ஒரு கூட்டத்தின் மீதுள்ள வெறுப்பு நீதி தவறத் தூண்டக்கூடாது என்று ஸூரத்துல் மாயிதாவின் எட்டாம் வசனம் கட்டளையிடுகிறது. அவ்வளவுகோலில் இவ்வத்தியாயங்கள் தேறா. அன்றியும், இத்தகைய பொதுமைப்படுத்தலே ஒரு பொய்ச் செய்தி என்பதை நாம் மறக்கலாகாது.

நான்காவதே முதன்மையானது. நூலில் முறை இல்லை. இதை விளக்க ஜவ்பரீயையே முஹத்திஸ்களின் தராசில் வைத்துப் பார்ப்போம். அவரது பிறப்பு, இறப்பு, ஆசிரியர்கள், நம்பகத்தன்மை ஆகியவை பற்றி நாம் அறிந்தவை ஏறக்குறைய அனைத்தும் அவரே தம்மைப் பற்றிச் சொன்னவை. ஹதீஸ் கலையின் மொழியில் இவர் நிலை அறியப்படாத அறிவிப்பாளர். குரங்கு நிகழ்ச்சிக்கு அவரைத் தவிர வேறு சாட்சியை நாம் காணவில்லை. நூருத்தீன் மறைந்தது 1174இல். நூல் எழுதப்பட்டது அதற்கு ஏறத்தாழ அரை நூற்றாண்டுக்குப் பின்னர். ஆகவே பாரசீகரின் கதை கண்ணால் கண்டதன்று, காதில் விழுந்தது. முடிவில் வரும் சுவையான விடையும் கதை பல வாய்களில் மெருகேறியதைக் காட்டுகிறது. இதனால் கதை பொய்யாகிவிடாது. பாடத்துக்காகக் கூறலாம், வரலாற்றுச் சான்றாக நிறுத்த இயலாது. இந்த வேறுபாட்டைச் செய்யும் பழக்கத்தை ஜவ்பரீ தம் வாசகர்க்குக் கற்பிக்கவில்லை. அவரது நூலை முழுதும் படித்த ஒருவர், அதே நூலைக் கேள்வியின்றி நம்பிவிட முடியும்.

தராசின் இயல்பு

ஹதீஸ் கலையின் அறிஞர்கள் வேறு வழியில் சென்றனர். அவர்கள் காலத்துப் பொய்களையும் அவர்கள் தொகுத்தனர். ஆனால் அதற்கு முன் சில கேள்விகளை நிலைநிறுத்தினர். இதைச் சொன்னவர் யார்? அவர் யாரிடம் கேட்டார்? இருவரும் சந்தித்தனரா? அவருடைய நினைவாற்றலும் நேர்மையும் எத்தகையவை? வேறு எவரேனும் இதை அறிவிக்கின்றனரா? குழப்பங்கள் தோன்றிய பின்னரே அறிவிப்பாளரின் பெயரைக் கேட்கும் வழக்கம் வலுப்பெற்றது என்று இப்னு ஸீரீன் (ரஹ்) கூறியதாக இமாம் முஸ்லிம் (ரஹ்) தம் முன்னுரையில் பதிந்துள்ளார்கள். தீயவன் ஒருவன் செய்தி கொண்டுவந்தால் தீர விசாரியுங்கள் என்ற ஸூரத்துல் ஹுஜுராத்தின் ஆறாம் வசனத்தை ஒரு சமுதாயம் கலையாக வளர்த்தெடுத்த வரலாறு இது.

இத்தராசு எவ்வாறு வேலை செய்தது என்பதற்கு ஒரு சான்று போதும். ஹிஜ்ரி ஐந்தாம் நூற்றாண்டில் பக்தாதின் அமைச்சர் இப்னுல் முஸ்லிமாவிடம் ஓர் ஆவணம் கொண்டுவரப்பட்டது. கைபர் யூதர்களுக்கு ஜிஸ்யாவிலிருந்து விலக்களித்து நபி (ஸல்) அவர்கள் எழுதித் தந்ததாக அது கூறியது; ஸஹாபாக்களின் சாட்சியமும் அதில் இருந்தது. அமைச்சர் அதைக் கதீப் அல்பக்தாதீ (ரஹ்) அவர்களிடம் காட்டினார். அவர் பார்த்துவிட்டு இது போலி என்றார். சாட்சிகளுள் முஆவியா (ரலி) அவர்களின் பெயர் இருந்தது. அவர்கள் இஸ்லாத்தை ஏற்றது மக்கா வெற்றியின் ஆண்டாகிய ஹிஜ்ரி 8இல், கைபர் வெற்றியோ ஹிஜ்ரி 7இல். ஸஅத் பின் முஆத் (ரலி) அவர்களின் பெயரும் இருந்தது. அவர்களோ அகழ்ப்போருக்குப் பின் ஹிஜ்ரி 5இலேயே மறைந்துவிட்டவர்கள். கதீப் அவர்கள் ஆவணத்தைக் கொண்டுவந்தவர்களின் இனத்தைக் காரணம் காட்டி அதைத் தள்ளவில்லை. இரண்டு ஆண்டுகளை ஒப்பிட்டார், அவ்வளவே. இதே ஆவணத்தை முஸ்லிம் ஒருவர் கொண்டுவந்திருப்பினும் அதே இரு ஆண்டுகள் அதை வீழ்த்தியிருக்கும். ஜவ்பரீயின் மூன்றாவது குறைக்கு இதுவே மருந்து.

நல்லெண்ணம் என்ற வாயில் வழியே நுழையும் பொய்யையும் அவர்கள் விட்டுவைக்கவில்லை. நூஹ் பின் அபீ மர்யம் என்பவர் குர்ஆன் அத்தியாயங்களின் சிறப்புப் பற்றித் தொடர்ச்சியாக ஹதீஸ்களைப் புனைந்தார். மக்கள் குர்ஆனை விட்டு ஃபிக்ஹிலும் போர் வரலாறுகளிலும் மூழ்கியதைக் கண்டு நன்மை நாடிச் செய்ததாக அவர் காரணம் கூறினார். புனைவோருள் மிகப் பெருந்தீங்கு விளைவித்தோர் துறவொழுக்கத்தால் பெயர் பெற்றவர்களே என்று இப்னுஸ் ஸலாஹ் அவர்கள் எழுதினார்கள். மக்கள் அவர்களை நம்பி அப்பொய்களை ஏற்றுக்கொண்டதே அதற்குக் காரணம். ஹர்ரான் பள்ளியின் தொழுகை விரிப்பைப் பற்றி இதைவிடச் சரியாகச் சொல்ல இயலாது.

அறிவிப்பாளர் தொடரை ஆராய வழியற்ற பாமரர் என்ன செய்வது? இப்னுல் கய்யிம் (ரஹ், இறப்பு ஹிஜ்ரி 751) அவர்களிடம் இக்கேள்வி கேட்கப்பட்டது. 'அல்மனாருல் முனீஃப்' என்ற நூல் அதற்கு விடையாக எழுந்தது. வாசகத்திலேயே தெரியும் அடையாளங்களை அவர்கள் வரிசைப்படுத்துகிறார்கள். அளவுக்கு மீறிய கூலி முதன்மையான ஒன்று: கலிமாவை ஒருமுறை மொழிந்தவருக்காக எழுபதாயிரம் நாவுகள் கொண்ட பறவை படைக்கப்படும் என்பது போன்றவை. புலனறிவுக்கு முரண்படுவது மற்றொன்று: கத்தரிக்காயை எந்நோக்கத்துக்காக உண்கிறோமோ அது நிறைவேறும் என்ற பொய் ஹதீஸை அவர்கள் இதற்கு எடுத்துக்காட்டுகிறார்கள். சிறு செயலுக்குப் பெருங்கூலி என்ற அடையாளம் மார்க்கச் செய்திக்கு மட்டும் உரியதன்று. சிறு முதலுக்குப் பெரும் இலாபம் என்பதும் அதே அடையாளமே.

எச்சரிக்கைக் கதையும் தப்பவில்லை

இக்கலையின் நேர்மைக்கு ஒரு சான்றைத் தனியே எடுத்துரைக்க விரும்புகிறோம். பக்தாதின் ருஸாஃபா பள்ளியில் அஹ்மத் பின் ஹன்பல், யஹ்யா பின் மயீன் (ரஹ்) ஆகிய இருவரும் அமர்ந்திருக்க, கதைசொல்லி ஒருவன் அவர்கள் பெயரிலேயே ஒரு பொய் ஹதீஸை அறிவித்தான். அழைத்துக் கேட்டபோது, உலகில் உங்களைத் தவிர வேறு அஹ்மதும் யஹ்யாவும் இல்லையா என்று திருப்பிக் கேட்டான். நம் பயான்களிலும் கட்டுரைகளிலும் பொய் ஹதீஸ்களைப் பற்றி எச்சரிக்க அடிக்கடி கூறப்படும் கதை இது. ஆனால் இமாம் தஹபீ (ரஹ்) அவர்கள் இக்கதையை அறிவிக்கும் அல்பக்ரீ என்பவர் யாரெனத் தமக்குத் தெரியவில்லை என்றும், கதையை அவரே புனைந்திருக்கக்கூடும் என அஞ்சுவதாகவும் குறிப்பிட்டுள்ளார்கள். பொய்யை எச்சரிக்கும் கதை, அதுவும் ஹதீஸ் அறிஞர்களைப் போற்றும் கதை! நம் பக்கம் நிற்கிறது என்பதற்காக அவர்கள் அதற்குச் சலுகை தரவில்லை. ஜவ்பரீயிடம் நாம் தேடியும் காணாதது இந்த ஒழுக்கமே.

நம் காலம்

'மதீனாவின் ஷைக் அஹ்மத் கண்ட கனவு' என்ற துண்டறிக்கையை நம்மில் அறியாதார் குறைவு. நபி (ஸல்) அவர்களின் அடக்கத்தலப் பணியாளர் கண்ட கனவு என்றும், இத்தனை பேருக்கு அனுப்பினால் செல்வம் வரும், அலட்சியம் செய்தால் துன்பம் வரும் என்றும் அது கூறும். 1880களிலேயே டச்சு அறிஞர் ஸ்னூக் ஹூர்குரோன்ஜே இதைப் பற்றி எழுதினார். 1904இல் 'அல்மனார்' இதழில் ரஷீத் ரிளா மறுத்தார். பின்னர் ஷைக் இப்னு பாஸ் தனிப் பிரசுரமே எழுதி மறுத்தார். கையெழுத்திலும் அச்சிலும் ஒளிநகலிலும் உலவியது இன்று வாட்ஸ்அப்பில் உலவுகிறது. ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக மறுக்கப்பட்டும் அது சாகாததன் காரணம் என்ன? 'அச்செய்தி பொய்' என்று மக்களுக்குச் சொல்லப்பட்டது. அந்த ஷைக் அஹ்மதை நேரில் கண்டவர் யார் என்று கேட்கும் பழக்கம் கற்பிக்கப்படவில்லை.

பொருளியல் மோசடிகளிலும் இதே நிலை. எகிப்தில் 1980களில் 'இஸ்லாமிய முதலீடு' என்ற பெயரில் வங்கிகள் தந்ததைவிட மிகுந்த இலாபத்தைத் தருவதாக அர்ரய்யான் முதலிய நிறுவனங்கள் பணம் திரட்டின. 1988இல் அரசு தனிச் சட்டம் இயற்ற நேர்ந்தது, அவ்வாண்டே அர்ரய்யான் வீழ்ந்தது. முப்பது ஆண்டுகள் கழித்து, 2019 ஜூனில், பெங்களூரில் ஐ.எம்.ஏ. நிறுவனம் வீழ்ந்தது. வட்டியற்ற ஹலால் இலாபம் என்ற சொல்லை நம்பிப் பணம் இழந்த பல்லாயிரவருள் மிகப் பெரும்பாலோர் முஸ்லிம்கள். 'ஹலால்' என்ற சொல் கணக்குப் புத்தகம் இருக்க வேண்டிய இடத்தில் வைக்கப்பட்டது. அவ்விடத்தில் அது மிஹ்ராபுக்கு அருகில் விரிக்கப்பட்ட விரிப்பின் வேலையைச் செய்தது. 2024 ஹஜ்ஜில் வெப்பத்தின் கொடுமையோடு 1,301 பேர் உயிரிழந்ததாகவும், அவர்களுள் 83 விழுக்காட்டினர் அனுமதியின்றி வந்தவர்கள் என்றும் சவூதி அரசு அறிவித்தது. எகிப்து அரசு 16 பயண நிறுவனங்களின் உரிமத்தை இரத்துச் செய்தது. உரிமமற்ற முகவரை நம்புவதன் விலை பணத்தோடு நிற்பதில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டா.

செய்திகளைப் பொறுத்தவரை நம் சமுதாயம் இரு பக்கமும் நின்றிருக்கிறது. 2017 பிப்ரவரியில் தமிழகத்தில் தட்டம்மை-ரூபெல்லா தடுப்பூசி போடப்பட்டபோது பரவிய வதந்திகளை நம்மவரும் பரப்பினர். 2018 மே மாதம் குழந்தை கடத்துவோர் என்ற வதந்தி திருவண்ணாமலை மாவட்டத்தில் கோயிலுக்கு வந்த ஒரு மூதாட்டியின் உயிரைக் குடித்தது. 2020 மார்ச் இறுதியிலோ, டெல்லி தப்லீக் மாநாட்டை வைத்து, கொரோனாவைத் திட்டமிட்டுப் பரப்பும் கூட்டமாக முஸ்லிம்கள் சித்திரிக்கப்பட்டனர். காய்கறி விற்ற ஏழைகள்கூடத் தெருக்களில் விரட்டப்பட்டனர். அவ்வாண்டு ஆகஸ்டில் பம்பாய் உயர் நீதிமன்றத்தின் ஔரங்காபாத் அமர்வு வெளிநாட்டுத் தப்லீக் ஊழியர்கள் மீதான வழக்குகளை இரத்துச் செய்து, அவர்கள் பலிகடாக்களாக்கப்பட்டதைச் சுட்டிக்காட்டியது. ஒரு பொய்ச் செய்தியின் சுமை எத்தகையது என்பதை உடம்பால் அறிந்த சமுதாயம் நாம். நமக்கு எதிராகச் சொல்லப்படும்போது சான்று கேட்கும் நாம், நமக்கு இனிக்கும் செய்தி வரும்போதும் அதே சான்றைக் கேட்டாலன்றி நம் முறையீட்டுக்கு வலு இராது.

செய்யத்தக்கது

இன்று வங்கிகளும் காவல்துறையும் செய்யும் விழிப்புணர்வுப் பணி பெரிதும் ஜவ்பரீயின் வழியது. கடவுச்சொல்லை யாரிடமும் கூறாதீர், 'டிஜிட்டல் கைது' என்ற ஒன்று சட்டத்தில் இல்லை, பணம் இழந்தால் உடனே 1930 என்ற எண்ணை அழையுங்கள் என்பன யாவும் தேவையான செய்திகளே. அவற்றை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. ஜும்ஆ அறிவிப்புகளிலும் அவை இடம்பெற வேண்டும். எனினும் பட்டியலில் இல்லாத புதிய தந்திரம் வரும் நாளில் பட்டியல் கைவிட்டுவிடும். கேள்வி கேட்கும் பழக்கம் கைவிடாது.

அந்தக் கேள்விகள் நம்மிடமே இருக்கின்றன என்பதுதான் நாம் வலியுறுத்த விரும்புவது. முஸ்தலஹுல் ஹதீஸ் பாடம் மதரஸாவின் நான்கு சுவர்களுக்குள் தேர்வுக்குரிய சொற்றொகுதியாகச் சுருங்கிக் கிடக்கிறது. அதைத் தமிழில், சட்டை மடிப்புக் கலையாத இளைஞருக்கும் அடுப்படியில் கைபேசி பார்க்கும் தாய்மாருக்கும் புரியும் மொழியில், நான்கு கேள்விகளாகச் சொல்லிவிடலாம்: சொன்னவரின் பெயர் என்ன? அவருக்கு இது எவ்வாறு தெரியும்? அவரைச் சாராத வேறொருவர் இதைச் சொல்கிறாரா? சொல்லப்படும் பலன் செயலின் அளவுக்குப் பொருந்துகிறதா? ஹர்ரான் பள்ளியில் ஒருவரேனும் எழுந்து, அந்த மன்னரின் பெயரையும் நாட்டின் பெயரையும் கேட்டு, அங்கிருந்து வந்த வணிகர் எவரையேனும் காட்டச் சொல்லியிருந்தால் குரங்கு மறு வெள்ளிக்கிழமை வேறு ஊரைத்தான் பார்த்திருக்கும்.

விடை கிடைக்காவிடில் மறுக்க வேண்டும் என்பதில்லை. நிறுத்திவைத்தல் என்ற ஒரு நிலையை ஹதீஸ் கலை நமக்குத் தருகிறது. எதையும் நம்பாதே என்று பழக்கப்பட்டவன் மருத்துவர் சொல்லும் உண்மையையும் நம்பமாட்டான். தடுப்பூசி வதந்திகளில் நாம் கண்டது அதுவே. ஸஹீஹ், ஹஸன், ளயீஃப், மவ்ளூஃ எனப் படிகள் அமைத்தோர் சந்தேகத்துக்கும் அளவு வைத்தனர். உறுதிப்படாத செய்தியை அடுத்தவருக்கு அனுப்பாமலிருப்பதே அந்நிலையின் நடைமுறைப் பொருள். கேட்டதையெல்லாம் எடுத்துரைப்பதே ஒருவரைப் பொய்யராக்கப் போதுமானது என்ற கருத்தில் நபிமொழி வந்துள்ளது.

இறுதியாக ஒன்று. மோசடியை அறிந்தும் வாய்மூடி இருப்போர், பிறர் குறையைப் பேசுவது புறம் என்று காரணம் கூறுவதுண்டு. மக்களைத் தீங்கிலிருந்து எச்சரிப்பதை அனுமதிக்கப்பட்ட ஆறு காரணங்களுள் ஒன்றாக இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் 'ரியாளுஸ் ஸாலிஹீனில்' எண்ணியுள்ளார்கள். அறிவிப்பாளர்களின் குறைகளைச் சொல்வதையும் அதில் சேர்த்துள்ளார்கள். ஊரில் ஒருவர் 'ஹலால் சீட்டு' என்று வீடு வீடாகச் செல்லும்போது, அவரது பதிவுச் சான்றையும் கணக்கையும் கேட்டுப் பார்ப்பது ஜமாஅத் நிர்வாகத்தின் பொறுப்பு. கேட்டுத் தெரிந்ததை மக்களிடம் சொல்வது இமாமின் பொறுப்பு. ஏமாந்து வருபவரை ஏளனம் செய்யாமல் காவல் நிலையம் வரை உடன் செல்வதும் அப்பொறுப்பில் சேரும். ஜவ்பரீயின் நூல் நம் நூலகங்களில் இருக்கட்டும். படிக்கச் சுவையானது, ஏமாற்றுவோரின் மனத்தை அறியப் பயன்படுவது. முகத்திமாவின் கேள்விகளோ பள்ளிவாசல் திண்ணை வரை வந்தாக வேண்டும். வல்லாஹு அஃலம்.